உழுந்து பரவிய ரோட்டில் பிறேக் போட்ட கதை

மகளுடைய காரில் முன் கதிரையில் இருந்து போகும்போது என் வலது கால் சும்மா இருப்பதில்லை. அவள் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்துக்கு முன்பே அது வெறும் தகட்டை மிதிக்கத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ரோட்டுகளில் பாதி வாழ்நாள் பஸ் ஓட்டிய கால் அது. ஓய்வூதியம் எனக்குக் கிடைத்தது, காலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

போன மாரியில் கொழும்பில் நல்ல மழை. முன்னால் போன ஓட்டோக்காரன் ஒருவன் நினைத்தபடி குறுக்கே திருப்ப, மகள் பிறேக்கை அமத்தினாள். கார் அழகாக நின்றது. ஆனால் அவளுடைய முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, பெடல் காலுக்குக் கீழ கடகடவெண்டு நடுங்குது. ஏதோ உடைஞ்சு போச்சு போல."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நீ ஏன் ஒரேயடியா அமத்தினனீ? விட்டு விட்டு மிதிச்சிருக்க வேணும்" என்றேன், முழுச் சாரதிக் குரலில்.

அவள் காரைக் கராச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து எனக்கே பாடம் எடுத்தாள். ஒவ்வொரு சில்லிலும் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறதாம். கார் ஓடிக்கொண்டிருக்க ஒரு சில்லு மட்டும் சுற்றாமல் நிற்கப் பார்த்தால் அது உடனே உள்ளே இருக்கும் கொம்பியூட்டருக்குச் சொல்லுமாம். கொம்பியூட்டர் அந்தச் சில்லின் பிறேக்கைக் கண் இமைக்கும் நேரத்துக்கு இளக்கும். சில்லு சுற்றத் தொடங்கியதும் மறுபடி இறுக்கும். ஒரு விநாடிக்குள் இது பல தடவை நடக்கிறது. பெடல் நடுங்குவது அதனால்தான். காரில் பிழை ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது, அமத்திய காலை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்புவது மட்டும்.

"நீங்கள் சொல்லுற மாதிரி விட்டு விட்டு மிதிச்சா, அதின்ர வேலையைக் கெடுக்கிறதாப் போகும் அப்பா."

எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.  சாப்பிட்டு எழும்பியபிறகு சொன்னேன்: "உந்தக் கொம்பியூட்டரை எனக்குத் தெரியும், பிள்ளை. எங்கட காலத்தில அதுக்கு வெத்திலை போடுற பழக்கம் இருந்தது."

அவள் சிரித்துவிட்டு, அதை எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன்.

நான் ஊர்காவற்றுறைக் கடலோடி வீட்டில் பிறந்தவன். அப்புவும் அண்ணன்மாரும் கடலில். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் வயிறு குமட்டும். தனியார் பஸ்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் சாரதி வேலைக்கு ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். "பிறேக் பிடிச்சால் நிக்கிற வாகனம் எண்டால் அதில என்னடா கெட்டித்தனம்?" என்று அப்பு கேட்டார். வள்ளத்துக்குப் பிறேக் இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

எங்களைப் பழக்கிய பரிசோதகர் வைத்திலிங்கம். கஞ்சி போட்ட வெள்ளை லோங்ஸ், சட்டைப் பையில் வெற்றிலைச் சரை, பேச்சில் கஞ்சத்தனம். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழை விட்டால் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அதைவிட ஏச்சு எவ்வளவோ நல்லது.

அவருடைய பரீட்சை புங்குடுதீவு இறங்குதுறையில் தொடங்கும். நெடுந்தீவு வள்ளம் வந்ததும் இறங்கிப் போய் ஒரு முட்டி தயிர் வாங்குவார். நெடுந்தீவு மாட்டுத் தயிர் என்றால் தீவுப்பகுதியில் ஒரு மதிப்பு. முட்டியின் வாயை வாழையிலையால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இருப்பார். யாழ்ப்பாணம்வரை ஓட வேண்டும். தயிர் கலங்கினால் நான் பெயில். அவர் என்னைப் பரீட்சித்தாரா, என்னைக் கொண்டு தன் வீட்டுக்குத் தயிர் ஏற்றினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். பரீட்சை எப்போதும் சனிக்கிழமை வருவதும், ஞாயிறு அவர் வீட்டில் விருந்து நடப்பதும் தற்செயல் என்றுதான் அவர் சொல்லுவார்.

ஆனால் தயிரால் பழக்க முடியாத ஒன்று இருந்தது. அதற்கு மழை வர வேண்டும். மாரி பிடித்து, வேலணைப் பக்கத்துத் தரவை என்ற மேய்ச்சல் நிலம் நனைந்து புல் வழுக்கத் தொடங்கியதும், வெறும் பஸ் ஒன்றை அங்கே இறக்கச் சொன்னார். மனிதர், மாடு, மரம் ஒன்றுமில்லாத வெளி.

"ஓடும். நான் சொல்லேக்க பிறேக்கை முழுக்க அமத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டும்."

செய்தேன். சில்லுகள் இடப்பக்கம் திரும்பின. பஸ் திரும்பவில்லை. நேராகவே வழுக்கிக்கொண்டு போனது. கடலில் வருமே அதே குமட்டல், தரையில் முதல் தடவையாக வந்தது.

"இப்ப அதே வேகம். அமத்தும், விடும், அமத்தும், விடும். விடேக்க திருப்பும்."

இந்தத் தடவை பஸ் முக்கி முனகி இடப்பக்கம் வளைந்தது. ஆச்சரியத்தில் நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒருபக்கக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, எங்கள் பழகுகாலம் முழுவதிலும் பேசிய ஆக நீளமான பேச்சைப் பேசினார்.

"நிண்ட சில்லு சொல்வழி கேக்காது, சூசைப்பிள்ளை. உருளுற சில்லுதான் கேக்கும். நீர் பயத்தில அமத்திப் பூட்டினா அது சறுக்குக் கட்டை. ஸ்டியரிங் உம்மட கையில இருக்கும், பஸ் உம்மட கையில இராது. நிக்கப் போகுது எண்டு கால் சொல்லேக்க விடும். உருண்ட உடன திரும்பவும் பிடியும். விடுறதுதான் கஷ்டம். ஆள் முன்னால நிக்கேக்க பிறேக்கில இருந்து காலை எடுக்க ஒருத்தருக்கும் மனம் வராது. அந்த மனத்தைப் பழக்கத்தான் இந்தத் தரவை."

அன்று மத்தியானம்வரை அமத்தினேன், விட்டேன். கடைசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து நொண்டியபடி இறங்கினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அதுதான் சான்றிதழ்.

இனி, உழுந்தால் வந்த வழக்கு.

புங்குடுதீவில், மடத்துவெளிப் பக்கம், நெல் வெட்டியபின் உழுந்து போடுவார்கள். விளைந்ததும் செடியோடு பிடுங்கிக் காயவைத்து, கோது உடைய அடித்துத் தூற்ற வேண்டும். பஸ் ஓடத் தொடங்கியதும் ஊர்ச் சனம் தடியைக் கீழே போட்டுவிட்டது. செடியை அப்படியே தார் ரோட்டில் பரவிவிடும். பஸ் வந்து ஏறிப் போனால் கோது வெடித்து உழுந்து பிரிந்துவிடும். அரசாங்கம் எங்களுக்கு பஸ் ஓட்டச் சம்பளம் தந்தது. உழுந்து அடித்துக் கொடுத்தது எங்கள் சேவை. சில அக்காமார் நடுரோட்டில் நின்று, "கொஞ்சம் வலப்பக்கமாப் போ தம்பி, அங்கால சரியா உடையேல்லை" என்று வழிநடத்துவார்கள். திரும்பி வரும்போது ஒரு கும்பா உழுந்து நீட்டுவதும் உண்டு.

இதில் ஒரு சின்ன வில்லங்கம். காய்ந்த செடிக்கு அடியில் பிரிந்து கிடக்கும் உழுந்து, தார் ரோட்டில் மணிமணியாக உருளும். அதன்மேல் பிறேக் போடுவதும் நனைந்த தரவையில் போடுவதும் ஒன்றுதான். அதனால் நாங்கள் உழுந்தின்மேல் பிறேக் போடுவதில்லை, மெதுவாக ஏறி இறங்கிப் போய்விடுவோம்.

அன்று நெடுந்தீவு வள்ளம் பிந்தி வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். மடத்துவெளி வளைவில் திரும்பினால், வழக்கமாக ஒன்றும் இல்லாத இடத்தில், ரோட்டை அடைத்து உழுந்து. புதிதாகப் பரவியிருக்கிறார்கள். அந்தக் கோடியில் நாகம்மா அக்கா, முதுகை எனக்குக் காட்டியபடி, கவைத்தடியால் செடியைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்.

நாகம்மா அக்கா அந்தப் பக்கத்தில் வயலும் வளவும் உள்ள மனிதி. புருசன் செத்தபிறகு எல்லாவற்றையும் தனியே பார்த்து, யாருக்கும் பணியாமல் வாழ்ந்தவர். ஹோன் அடித்தேன். வேறு ஊரில் என்றால் ஹோன் கேட்டதும் மனிதர் விலகுவார்கள். மடத்துவெளியில் ஹோன் என்றால் உழுந்து அடிக்க ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா திரும்பிப் பார்க்காமலே, வா வா என்று கையைக் காட்டிவிட்டு, புரளாத ஒரு செடிக் குவியலை இழுத்துவிட இன்னும் உள்ளே நடந்தார்.

பிறேக்கை அமத்தினேன். முழுப் பலத்தோடு அமத்தினேன். சில்லு நின்றது, பஸ் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை வெட்டினேன், கேட்கவில்லை. அக்காவின் சேலைக் கரை மஞ்சள் என்று தெரியும் தூரம். என் உடம்பு முழுவதும் இன்னும் அமத்து, இன்னும் அமத்து என்றது. நான் காலை எடுத்தேன்.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு மனுசி. நீங்கள் பிறேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் பிறகு ஒருநாளும் பட்டதில்லை. சில்லு உருண்டது. பிடித்தேன். விட்டேன். விட்ட நேரத்தில் இடப்பக்கம் திருப்பினேன். பிடித்தேன், விட்டேன். பஸ் மெல்ல வளைந்து, அக்காவுக்குப் பக்கத்தால் ரோட்டைவிட்டு இறங்கி, அவருடைய வளவின் கல் மதிலில் போய் முட்டி நின்றது. மதில் சரிந்தது. பஸ்ஸின் முன்பக்கம் நசிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இரண்டொரு வீக்கம், வேறொன்றும் இல்லை.

அக்கா அப்போதுதான் திரும்பினார். அவர் கண்டது மதிலையும் குலைந்த உழுந்தையும் மட்டும்.

"ஐயோ, என்ர மதில்! பிறேக் போடாமல் வந்து இடிச்சுப் போட்டான் பாவி! ஒரு கிறீச்சுச் சத்தமாவது கேட்டதோ?"

சத்தம் கேட்கவில்லைத்தான். உழுந்தின்மேல் வழுக்கிய ரயர் எப்படிக் கிறீச்சிடும்? ஆனால் பிறேக் என்றால் கிறீச் என்பது சனத்தின் முடிவு. அக்கா அத்தோடு விடவில்லை. சேதத்துக்குச் சாட்சியாக உழுந்தை அள்ளாமல் அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் பனங்குற்றியை உருட்டி ரோட்டை மறித்துவிட்டு, டிப்போவுக்கு முறைப்பாடு அனுப்பினார்.

மறுநாள் காலை டிப்போவில் விசாரணை. மனேஜர் புதிதாக வந்தவர். என் கொண்டக்டர் பொன்னுத்துரையை முதலில் கூப்பிட்டார். பொன்னுத்துரை அந்த நேரம் எனக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியில் இருந்தவன். பொய் சொல்லத் தெரியாத பிறவி; இருமலுக்கு லீவு கேட்டால்கூட, பெரிய இருமல் இல்லை சேர் என்று சேர்த்துச் சொல்லுவான்.

"சாரதி பிறேக் போட்டவரோ?"

"ஓம் சேர்."

"பிறகு?"

"பிறகு காலை எடுத்தவர், சேர்." பாவம், கண் கலங்கிவிட்டான். "நான் கண்ணால கண்டனான்."

மனேஜர் என்னைப் பார்த்தார். "ஆள் முன்னால நிக்கேக்க காலை எடுத்தனீரோ?"

"எடுத்து எடுத்துத்தான் சேர் பிடிச்சனான்."

"எடுத்தனீரோ, இல்லையோ?"

"எடுத்தனான்."

அவர் பேனையை எடுத்தார். எனக்கு இன்னும் நிரந்தர நியமனம் வரவில்லை. ஒரு வரி எழுதினால் போதும், வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால் வள்ளம். அதோடு எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்ற ஒரே அழகுக்காகத்தான் பெண் வீட்டார் ஓம்பட்டிருந்தார்கள். என் வாழ்க்கை முழுவதும் அந்தப் பேனை முனையில் நின்றது.

மூலையில் இருந்த வைத்திலிங்கத்தார் மட்டும் வாய் திறந்தார். "அப்பிடித்தான் நான் பழக்கினது."

"அவர் உங்கட ஆள். நீங்கள் அப்பிடித்தானே சொல்லுவியள்" என்றார் மனேஜர்.

வைத்திலிங்கத்தார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் முடிந்தேன் என்று நினைத்தேன். "உழுந்து இன்னும் ரோட்டில கிடக்கெண்டு கேள்வி. போய்ப் பாப்பம்" என்றார்.

மனேஜரும் அவரும் நானும் போனோம். பனங்குற்றிகளுக்கு நடுவில் உழுந்து கிடந்தது. நாகம்மா அக்கா காவல் நின்றார். என்னைக் கண்டதும், "உவனையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

வைத்திலிங்கத்தார் மிகவும் பணிவாக, "அம்மா, உங்கட உழுந்தில எவ்வளவு பழுது எண்டு சரியாச் சொல்ல வேணும். தொடக்கத்தில இருந்து காட்டுங்கோ" என்றார்.

சேதக் கணக்கென்றால் அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவைத்தடியை ஊன்றிக்கொண்டு, பஸ் வந்த பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்கோ. இவ்வளவும் நாசம். செடியெல்லாம் இழுபட்டுச் சுருண்டு போச்சு, உழுந்து அரைபட்டு மாவாப் போச்சு." அது நான் முதலில் பூட்டிப் பிடித்த நீளம்.

"அங்கால?"

"அங்கால நல்லா உடைஞ்சிருக்கு. கோது வெடிச்சு முத்தெல்லாம் பிரிஞ்சிருக்கு. இதைப் பழுதெண்டு சொல்லமாட்டன்."

"பிறகு?"

"பிறகு ஒரு முழம் இழுபட்டிருக்கு. அதுக்கங்கால உடைஞ்சிருக்கு. திரும்ப இழுபட்டிருக்கு. திரும்ப உடைஞ்சிருக்கு... என்ன கோதாரி இது? அடிக்கிறதெண்டால் ஒழுங்கா அடிக்க வேணும், நாசமாக்கிறதெண்டால் முழுக்க நாசமாக்க வேணும். இது ரெண்டும் கெட்டானா—"

அக்கா பாதியில் நிறுத்தினார். மனேஜரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சில்லு எங்கே நின்றது, எங்கே உருண்டது என்று ரோட்டில் கோலம் போட்டதுபோல் கிடந்தது.

"ஐயா," என்றார் அக்கா சந்தேகத்தோடு, "நான் இப்ப இவனுக்கெல்லோ சாட்சி சொல்லிக்கொண்டு போறன்?"

"இன்னும் ஒண்டு மட்டும் அம்மா. நீங்கள் நிண்ட இடம் எது?"

அக்கா நடந்துபோய், முதல்நாள் நின்ற இடத்தில் நின்று காட்டினார். வைத்திலிங்கத்தார் முதலில் செடி இழுபட்ட தடத்தின் தலைப்பில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அந்தத் தடம் கயிறு பிடித்ததுபோல் நேராக அக்காவின் காலடியை நோக்கிப் போனது. அக்காவுக்குக் கொஞ்சம் முன்னால்தான், உழுந்து உடைந்த ஒரு துண்டில், அது இடப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது.

"காலை எடுத்திராட்டி?" என்று மனேஜர்தான் கேட்டார்.

"நிண்ட சில்லு வளையாது" என்றார் வைத்திலிங்கத்தார்.

அக்கா தடத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு சேலை அழுக்காவதையும் பாராமல் அந்த இடத்திலேயே, உழுந்தின்மேல், இருந்துவிட்டார். கவைத்தடி கையிலிருந்து விழுந்தது.  

பிறகு அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, காலமை ஏதும் சாப்பிட்டனீரோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. மனேஜர் மரியாதையாக மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நாங்கள் மூவரும் அக்கா வீட்டுக் குசினியில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். மதிலை டிப்போ கட்டித் தரவேண்டும் என்பதில் மட்டும் அக்கா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டிக் கொடுத்தார்கள். என் நியமனமும் வந்தது, கலியாணமும் நடந்தது.

மதில் கட்டுவதற்கு முன், அடுத்த கிழமையே, வளைவில் திரும்புகிறேன், அதே இடத்தில், ரோட்டை அடைத்து உழுந்து. அக்கா மட்டும் ரோட்டில் இல்லை. இடிந்த மதிலுக்கு உள்பக்கம் நின்று, கையை வீசிக் கத்தினார்.

"வா தம்பி, வா! மெதுவா ஏறிப் போ! பிறேக் மட்டும் போட்டிடாத, உழுந்து பழுதாப் போகும்!"

ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு ஏறினேன். கால் மட்டும் அந்தக் கோடிவரை பிறேக்கின் மேலேயே இருந்தது.